வாங்காத மஹரைத் திருப்பிக் கொடுத்தேன்

2023 மார்ச்சில் கெய்ரோவில் ஒரு குடும்ப நீதிமன்றத்தில் 10,000 எகிப்திய பவுண்டை எண்ணிக் கட்டினேன். நிக்காஹ் அன்று என் கணவர் எனக்குக் கொடுத்ததாகக் காகிதத்தில் இருந்த மஹர் அது. உண்மையில் அதில் ஒரு பவுண்டுகூட என் கைக்கு வந்ததில்லை. எட்டு வருடம் முன்பு அரபியில் எழுதிய ஒரு தாளில், "பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே, என்னவென்று கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். வாங்காததைத் திருப்பிக் கொடுத்துத்தான் வெளியே வர முடிந்தது. இரண்டு வருடம் இதில் போனது, பணம் ஏழரை லட்சம் ரூபாய் பக்கம் போனது. யாராவது ஒருத்தர் முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். எகிப்துக்காரரைக் கல்யாணம் செய்துகொள்ளும் நம் பெண்கள் வளைகுடாவில் அங்கங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி படித்தாலும் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் துபாயில் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம். நான் கணக்குப் பிரிவு, அவர் மூன்று மாடி மேலே. வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மாவுக்கு முதலில் இஷ்டமே இல்லை, அப்புறம் "தொழுகிற பிள்ளைதானே" என்று இறங்கி வந்தார். 2015 மார்ச்சில் பத்து நாள் லீவு போட்டுக் கெய்ரோ போனோம். விசா செலவு, டிக்கெட் செலவு என்று கணக்குப் பார்த்து நம் பக்கத்திலிருந்து யாரையும் அழைக்கவில்லை. இதுதான் முதல் தப்பு. காக்கா, அதாவது என் அண்ணன், வருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். அறுபதாயிரம் ரூபாயை மிச்சம் பிடித்ததாக அன்றைக்குப் பெருமைப்பட்டுக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எகிப்தில் கல்யாணப் பேச்சு என்பது இரண்டு குடும்பம் எதிரெதிரே உட்கார்ந்து பேரம் பேசுவது. மஹரில் இரண்டு பங்கு: முகத்தம் என்பது கல்யாணத்தின்போது தருவது, முஅக்கர் என்பது தலாக்கானாலோ கணவர் மௌத்தானாலோ தர வேண்டியது. ஷப்கா என்பது நிச்சயத்துக்குப் போடுகிற நகை. எல்லாவற்றையும்விடப் பெரியது ஆய்மா. வீட்டில் இருக்கும் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், ஸ்பூன் வரைக்கும் ஒரு பட்டியல் எழுதி, "இவை அனைத்தும் மனைவிக்குச் சொந்தம், என்னிடம் அமானிதமாக இருக்கின்றன" என்று மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கேட்கும்போது திருப்பித் தராவிட்டால் அமானித மோசடி வழக்கு, ஜெயில் வரை போகும். என் பக்கம் உட்கார ஆளே இல்லாததால் இதில் எதையும் எனக்காக யாரும் பேசவில்லை. பதிவு அலுவலகத்தில் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டார். "ஒன்றும் இல்லை" என்று என் கணவர் அரபியில் பதில் சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது. "நிபந்தனை ஏதாவது உண்டா?" என்பதுதான் கேள்வி என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த ஒரு கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். எகிப்தில் 2000-ஆம் ஆண்டிலிருந்து கல்யாணப் படிவத்தில் நிபந்தனைகள் எழுதவென்றே இடம் விட்டிருக்கிறார்கள். எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் இன்னொரு கல்யாணம் கூடாது, மனைவி வேலைக்குப் போவதைத் தடுக்கக் கூடாது, படிப்பை நிறுத்தக் கூடாது, வீடு யாருக்கு, இப்படி எதுவும் எழுதலாம். "இஸ்மா" என்று ஒன்று இருக்கிறது. தலாக் சொல்லும் உரிமையை மனைவிக்கும் கொடுத்துவிடுவது அது. அந்த உரிமையை வைத்து அவள் பிரிந்தால் முஅக்கர் உள்பட எதையும் இழக்க வேண்டியதில்லை. மார்க்கத்தில் இடம் இருக்கிறது, சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் கேட்கிற பெண்ணை அங்கே ஏற இறங்கப் பார்ப்பார்கள், கொடுக்கிற ஆணைக் கேலி செய்வார்கள். அதனால் முக்கால்வாசிப் பேர் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று கேட்டுவிடுங்கள். கையெழுத்துப் போடும் முன்பு உங்கள் செலவில் உங்கள் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் தம்பி மொழிபெயர்ப்பாளர் ஆக மாட்டார். எனக்கு அவர்தான் மொழிபெயர்த்தார்.

2017-இல் துபாயை விட்டுக் கெய்ரோவுக்கே குடிபோனோம். வாடகை வீட்டுக்கு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், அடுப்பு, சோபா எல்லாம் என் சேமிப்பில் வாங்கியவை. சுமார் 70,000 பவுண்ட், அன்றைக்கு இரண்டரை லட்சம் ரூபாய். கடையில் அரபி பேசியது அவர், அதனால் ரசீதெல்லாம் அவர் பேரில். ஊரிலிருந்து நான் கொண்டுபோன இட்லிப் பானை ஒன்றுக்கு மட்டும் ரசீது கிடையாது. முதல் மூன்று வருடம் நல்ல வாழ்க்கைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் மோசமானவர் என்று எழுதினால் கதை சுலபமாக முடிந்துவிடும், ஆனால் அது உண்மையில்லை.

2021 பிப்ரவரியில் அவருடைய சித்தி ஒருவர் ஃபோனில் பேசும்போது வாய் தவறி "புது வீட்டுப் பொண்ணு" என்றார். நாலு மாதம் முன்னாலேயே தந்தா என்ற ஊரில் இன்னொரு நிக்காஹ் முடிந்திருக்கிறது. இரண்டாவது கல்யாணம் செய்தால் முதல் மனைவிக்குப் பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும் என்பது எகிப்தில் சட்டம். தபால் போயிருக்கிறது, நாங்கள் எப்போதோ காலி செய்த பழைய வீட்டு விலாசத்துக்கு. கேட்டதற்கு, "உனக்கு எந்தக் குறையும் வைக்க மாட்டேன்" என்றார். ஆறு மாதம் அழுதுகொண்டும், ஃபோனில் உம்மாவிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொய் சொல்லிக்கொண்டும் அந்த வீட்டிலேயே இருந்தேன். இங்கே இன்னொரு விஷயம்: இரண்டாம் கல்யாணத்தால் தனக்குக் கெடுதல் என்று சொல்லி மணவிலக்கு கேட்க, தெரியவந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு. அழுகிற நாளும் அந்தக் கெடுவில்தான் கழியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். சமாதானம் பேச வந்தவர், மகனை ஒரு வார்த்தை திட்டினார், என்னை ஒரு வார்த்தை திட்டினார், பிறகு என்னைத் தந்தாவுக்குக் கூட்டிப்போய்த் தன் அறையில் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். நாலாக மடித்த பழைய தாள் ஒன்று, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அவருடைய ஆய்மா. கட்டில் ஒன்று, பஞ்சு மெத்தை இத்தனை, செம்புப் பாத்திரம் இத்தனை என்று வரிசையாக இருந்தது. "இது இந்த டப்பாவில் இருக்கிற வரைக்கும் இவன் வாப்பா என்னிடம் குரலை உயர்த்தவில்லை. உன்னுடையது எங்கே, யா பிந்தி?" என்றார். இல்லை என்றேன். டப்பாவை மூடிவிட்டு டீ போடப் போய்விட்டார். மகன் கையெழுத்துப் போடாததை அந்தத் தாய் அதுவரை கேட்டதே இல்லை என்பதையும் கவனித்தேன். அவருக்கு அது பெண் வீட்டார் கேட்க வேண்டிய விஷயம். அவ்வளவுதான்.

ஆகஸ்டில் ஒரு பையோடு வெளியேறினேன். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் பழக்கமான ஒரு எகிப்தியத் தோழி தன் வீட்டில் ஓர் அறையை வாடகைக்குக் கொடுத்தாள். பள்ளியில் சரித்திரம் எடுப்பவள், பிள்ளைகள் கூப்பிடுவதைப் போல நானும் அவளை மிஸ் என்றே கூப்பிடுவேன். முதல் வக்கீல் யாரோ சொன்ன யாரோ. 15,000 பவுண்டை மொத்தமாக முன்பணமாக வாங்கிக்கொண்டு, கெடுதலைக் காரணம் காட்டி வழக்குப் போடுவோம், முஅக்கர், நஃபகா என்கிற ஜீவனாம்சம் எல்லாம் கிடைக்கும் என்றார். கெடுதலுக்குச் சாட்சி வேண்டும். அவர் என்னை அடித்ததில்லை, கதவைச் சாத்தியதில்லை. மனசு நொந்ததற்கு யார் சாட்சி சொல்வார்கள்? பக்கத்து வீட்டம்மா பாசமாக இருப்பார், ஆனால் நீதிமன்றத்துக்கு வர மாட்டார். வாய்தா மேல் வாய்தா. வக்கீல் ஃபோனை எடுப்பதை நிறுத்தினார். அவருக்குப் பொது தவ்கீல் வேறு கொடுத்திருந்தேன், அதாவது என் சார்பில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்ற அதிகாரப் பத்திரம். அதை ரத்து செய்யவே தனியாக ஒரு நாள் வரிசையில் நின்றேன். தவ்கீல் கொடுத்தால் வழக்குகளுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுங்கள். பணத்தை ஒவ்வொரு வாய்தாவுக்கும் பிரித்துக் கொடுங்கள், ரசீது கேளுங்கள்.

அந்த நவம்பரில்தான் இன்ஸார் தாஆ வந்தது. தமிழில் சொன்னால் கீழ்ப்படிதல் நோட்டீஸ். "உனக்கு வீடு தயாராக இருக்கிறது, திரும்பி வா" என்று கணவர் நீதிமன்ற ஆள் மூலம் அனுப்புவது. ஒரு காலத்தில் போலீஸ் வந்து பெண்ணை இழுத்துக்கொண்டு போய்க் கணவர் வீட்டில் விடும் வழக்கமே இருந்ததாம், 1967-இல்தான் அது நின்றது. இப்போது போலீஸ் வராது. ஆனால் 30 நாளுக்குள் நீதிமன்றத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் நாம் கீழ்ப்படியாத மனைவி ஆகிவிடுவோம், நஃபகா நின்றுவிடும். எங்கள் கட்டடத்து பவ்வாப், அதாவது வாசலிலேயே குடியிருக்கும் காவலாளி, கையெழுத்துப் போட்டு வாங்கி, கரண்ட் பில்லோடு சேர்த்து இழுப்பறையில் போட்டுவிட்டார். நல்ல மனிதர், படிக்கத் தெரியாது. என் கைக்கு வந்தபோது 41 நாள் ஆகியிருந்தது. முறைப்படி என்னிடம் தரவில்லை என்று வக்கீல் எதிர்த்திருக்கலாமாம், அவர்தான் ஃபோனையே எடுக்கவில்லையே. வீட்டை விட்டு வெளியேறும் அன்றே வாசலில் இருப்பவரிடம் சொல்லிவையுங்கள், என் பேருக்கு எது வந்தாலும் அன்றே எனக்கு வேண்டும் என்று. கையில் ஐம்பது பவுண்ட் வைத்துச் சொன்னால் நன்றாக ஞாபகம் இருக்கும்.

மெட்ரோவில் நடுவில் பெண்களுக்கென்று பெட்டி உண்டு. எனக்குச் சட்டம் கற்றுக்கொடுத்தது அந்தப் பெட்டிதான் என்றால் மிகையில்லை. ஹேர்கிளிப் விற்பவள் ஒருத்தி, குழந்தைக்குப் பால் கொடுப்பவள் ஒருத்தி, அலுவலகம் போகிறவர்கள், எல்லோருக்கும் ஒரு வழக்கு அனுபவம் இருக்கிறது, இல்லாவிட்டால் அக்கா தங்கைக்கு இருக்கிறது. முன்பின் தெரியாதவளிடம் முழுக் கதையும் சொல்லிவிட்டு அடுத்த நிலையத்தில் இறங்கிப் போகிறார்கள். 2021 வசந்தத்தில் அந்தப் பெட்டியில் எல்லோருடைய ஃபோனிலும் "அல் விலாயா ஹக்கீ" என்ற வாசகம் ஓடியது, "பொறுப்பாளராக இருப்பது என் உரிமை" என்று அர்த்தம். குடும்பச் சட்டத்துக்கு ஒரு புது மசோதா வந்து, அது பெண்ணை இன்னும் ஆண் உறவினரின் கைக்குள் தள்ளுவதாக இருந்ததால், பெண்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் சொந்தக் கதையை எழுதித் தள்ளினார்கள். என் துக்கத்தில் அப்போது அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. பின்னால் உட்கார்ந்து படித்தபோது, பிள்ளைக்கு ஆபரேஷன் செய்யத் தாய் கையெழுத்துச் செல்லாது என்றார்கள், பள்ளி மாற்ற அப்பா வர வேண்டும் என்றார்கள், இப்படியே போனது. என் கதை அவற்றின் பக்கத்தில் சின்னக் கதை. பிள்ளை இல்லாததை நினைத்து முதல் தடவையாக நிம்மதிப்பட்டது அன்றைக்குத்தான், அது எவ்வளவு கசப்பான நிம்மதி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பெட்டியில் கேட்டுக் கேட்டுத்தான் இரண்டாவது வக்கீலைப் பிடித்தேன். பெண் வக்கீல், உஸ்தாஸா என்று கூப்பிட வேண்டும். என் காகிதங்களைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "பணம் வேண்டுமா, விடுதலை வேண்டுமா? இரண்டும் வேண்டுமானால் மூன்று நாலு வருடம் ஆகும்" என்றார். விடுதலை என்றேன். குலா போடலாம் என்றார், அதாவது மனைவியே கேட்டு வாங்கும் மணவிலக்கு. குலா நமக்குத் தெரியாததா, நபித்தோழர் தாபித் பின் கைஸின் மனைவி மஹராக வாங்கிய தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்த ஹதீஸை மதரஸாவிலேயே ஓதியிருக்கிறோம். எகிப்தில் அது கணவர் சம்மதம் இல்லாமலேயே நீதிமன்றம் தரக்கூடிய உரிமையாக வந்தது 2000-ஆம் ஆண்டின் 1-ஆம் எண் சட்டத்தில். முகத்தத்தைத் திருப்ப வேண்டும், மற்ற எல்லாப் பண உரிமையையும் விட்டுவிட வேண்டும். நீதிமன்றம் சமரசத்துக்கு ஆட்களை வைத்து முயலும், அதற்கு மூன்று மாதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. தீர்ப்பு வந்தால் அப்பீல் கிடையாது, இதுதான் அதன் பலம். எனக்கு 2022 செப்டம்பரில் தொடங்கி ஆறு மாதத்தில் முடிந்தது. செலவு 12,000 பவுண்ட்.

நடுவில் ஜனவரியில் இரண்டு வாய்தாவுக்கு இடையே பதினைந்து நாள் சும்மா இருந்தேன். தூக்கம் கிடையாது. மிஸ் என்னைப் பார்த்துவிட்டு, "லக்சருக்குப் போய் வா, ராணிகளைப் பார்க்காதே, தேர் எல் மதீனாவுக்குப் போ, அங்கே நவுநக்தே என்று ஒருத்தி இருந்தாள்" என்றாள். அவள் கதையையும் இரவெல்லாம் சொன்னாள். ராம்சேஸ் நிலையத்தில் இரவு ரயில் ஏறினேன். 1923-இல் எகிப்தியப் பெண்ணியத் தலைவி ஹுதா ஷஅராவி ரோமில் பெண்கள் மாநாடு முடிந்து திரும்பி, ரயிலிலிருந்து இறங்கும்போது முகத்திரையை விலக்கியது கெய்ரோவின் அந்த நிலையத்தில்தான். எல்லோரும் அந்தத் திரையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அவர் வாழ்க்கையில் பிடித்த இடம் வேறு. பதின்மூன்று வயதில் அவரைத் தன்னைவிட மிக மூத்த அத்தை மகனுக்குக் கட்டிவைத்தார்கள், அவருக்கு ஏற்கெனவே வேறொரு பெண்ணிடம் பிள்ளைகள் இருந்தன. ஆனால் ஹுதாவின் தாய் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுத வைத்திருந்தார்: அந்தப் பெண்ணிடம் திரும்பிப் போனால் இந்தக் கல்யாணம் செல்லாது. அவர் திரும்பிப் போனார். ஹுதா ஏழு வருடம் பிரிந்து வாழ்ந்து, அந்த வருடங்களில்தான் படித்தார், மனிதர்களைப் பார்த்தார். அந்த ஒரு வரி இல்லையென்றால் அந்த ரயிலும் இல்லை, திரையும் இல்லை என்று ரயிலில் படுத்துக்கொண்டு நினைத்தேன். என் உம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், நான்தான் டிக்கெட் காசைப் பார்த்தேன்.

நைலின் மேற்குக் கரையில் ஹட்ஷெப்சுத் கோயிலுக்குப் பஸ் பஸ்ஸாகக் கூட்டம். நானும் எட்டிப் பார்த்தேன். பெண்ணாக இருந்தும் இருபது வருடத்துக்கு மேல் அரசராக இருந்தவர், இறந்த பிறகு அவர் உருவங்களைச் செதுக்கி அழித்திருக்கிறார்கள். பிரமிப்பாக இருந்தது, ஆனால் எனக்கு அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை. தேர் எல் மதீனாவில் அன்றைக்கு ஆள் குறைவு. அரசர்களின் கல்லறைகளை வெட்டிய கைவினைஞர்களின் ஊர் அது. இடுப்பளவுச் சுவர்கள், சின்னச் சின்ன அறைகள், நம் ஊர் வரிசை வீடுகளைப் போல ஒட்டி ஒட்டி. அங்கே கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவள் நவுநக்தே. இரண்டு தடவை கல்யாணம் ஆனவள், எட்டுப் பிள்ளைகளை வளர்த்தவள். வயதான காலத்தில் ஊர் மன்றத்தின் முன் போய் நின்று, நான் பரோவின் நாட்டில் சுதந்திரமான பெண், இந்தப் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன், என்னைக் கவனித்தவர்களுக்கு என் சொத்து, கவனிக்காதவர்களுக்குக் கிடையாது என்று எழுதிவைத்தாள். நன்றாகக் கவனித்த மகனுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒரு வெண்கலக் கிண்ணம். அந்தப் பாப்பிரஸ் இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. எழுத வைத்ததால்தான் மூவாயிரத்துச் சொச்சம் வருடம் கழித்து மிஸ் எனக்கு அவளைப் பற்றிச் சொல்ல முடிகிறது.

அதே ஊரில் கிடைத்த ஓட்டுச் சில்லு ஒன்றில், கணவன் விலக்கிவிட்ட ஒரு பெண்ணுக்கு மூன்று வருடம் மாதாமாதம் தானியம் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறதாம். பிந்திய காலத்து ஒப்பந்தங்களில், உன்னை நான் விலக்கினால் இத்தனை வெள்ளி தருவேன், நாம் சேர்த்ததில் மூன்றில் ஒரு பங்கு தருவேன் என்று கணவன் எழுதுகிறான். அவள் கொண்டுவந்த துணி, பாத்திரம், கண்ணாடி எல்லாம் விலையோடு பட்டியல். அதைக் கேட்டபோது என் கண்ணுக்கு முன்னால் மாமியாரின் பிஸ்கட் டப்பாதான் வந்தது. அந்தக் காலத்தில் எகிப்தியப் பெண் தன் பேரில் நிலம் வாங்கினாள், விற்றாள், வழக்காடினாள், சாட்சி சொன்னாள். பிறகு கிரேக்கர் ஆட்சி வந்தபோதும், கிரேக்கச் சட்டப்படி ஒப்பந்தம் போடுகிற பெண்ணுக்குத்தான் பக்கத்தில் ஆண் பாதுகாவலர் வேண்டியிருந்தது, எகிப்தியச் சட்டப்படி போடுகிறவளுக்கு வேண்டியிருக்கவில்லை. இதையெல்லாம் வைத்து அது பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். நவுநக்தே நல்ல கூலி வாங்கிய கைவினைஞர் ஊர்க்காரி, முதல் கணவன் எழுத்தர். வயலில் குனிந்த பெண்களுக்குப் பாப்பிரஸ் எழுத யார் இருந்தார்கள்? அரசாங்க எழுத்து வேலை முழுக்க ஆண்கள் கையில்தான். "எங்கள் பாட்டிகள் ராணிகள்" என்று எகிப்தியர்கள் பெருமை பேசும்போது மிஸ் ஒரு பழமொழி சொல்வதைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, "பாட்டி ராணி, பேத்தி பஸ்ஸில்" என்பாள். எகிப்தில் பெண்களிடம் 2013-இல் ஐ.நா. எடுத்த ஆய்வில் 99.3 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அன்று லக்சர் படித்துறையிலிருந்து விடுதிக்கு நடந்த கால் மணி நேரத்தில் அந்தக் கணக்கில் நானும் சேர்ந்தேன். ஒருவன் பின்னாலேயே வந்தான், நான் ஒரு டீக்கடைக்குள் புகுந்து அங்கே இருந்த வயதான பெண்மணியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா அவனைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் தெரு திரும்பியது. தனியாகப் போகிறவர்கள் இதை வைத்துக்கொள்ளலாம்: ஆணிடம் உதவி கேட்பதைவிட, வயதில் மூத்த பெண் யார் என்று தேடிப் போங்கள்.

குலாவின் கடைசி வாய்தா. மூன்று நீதிபதிகள், கூடவே சமூகவியல், மனநலம் பார்க்கும் இரண்டு நிபுணர்கள், அதில் ஒருவர் பெண். சட்டம் கேட்கும் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்: இவரோடு வாழ்வதை நான் வெறுக்கிறேன், இவரோடு இருந்தால் அல்லாஹ்வின் வரம்புகளைக் காக்க முடியாமல் போகுமோ என்று அஞ்சுகிறேன். உஸ்தாஸா வீட்டிலேயே நாலு தடவை சொல்ல வைத்திருந்தார். அங்கே நின்றபோது "வெறுக்கிறேன்" வரவில்லை. அவர் எதிரே உட்கார்ந்திருந்தார், கொஞ்சம் இளைத்திருந்தார். அந்தப் பெண் நிபுணர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டுச் சொன்னேன். எது அதிக வலி என்று கேட்டால் இரண்டாம் கல்யாணத்தைச் சொல்ல மாட்டேன், அந்த வார்த்தையைத்தான் சொல்வேன்.

அவர் வக்கீல் ஷப்காவும் மஹரில் சேரும் என்று வாதாடினார். எதிர்த்தால் இழுக்கும் என்று உஸ்தாஸா சொன்னார், ஐந்து பவுன் நகையைக் கொடுத்துவிட்டேன். அவசரப்பட்டேனோ என்று இன்றும் தோன்றும். முஅக்கரை விட்டுக்கொடுத்தது மட்டும் வலிக்கவில்லை, காரணம் விசித்திரமானது. 2015-இல் 50,000 பவுண்ட் என்று எழுதியபோது அது நாலு லட்சம் ரூபாய். 2016-இலும் 2022-இலும் பவுண்ட் சரிந்து சரிந்து, தீர்ப்பு வந்த மாதம் ஒன்றேகால் லட்சம் சொச்சம்தான். தலாக் சொல்லியிருந்தாலும் எனக்குக் கிடைத்திருக்கும் தொகை அதுதான். அதனால்தான் சொல்கிறேன், முஅக்கரைப் பவுண்டில் எழுதாதீர்கள், தங்கமாக, இத்தனை கிராம், இத்தனை கேரட் என்று எழுதுங்கள். ஆய்மாவிலும் நகையைக் கிராமில் எழுதுங்கள். வாங்காத எதற்கும் "பெற்றுக்கொண்டேன்" போடாதீர்கள். வீட்டுச் சாமான் ரசீது உங்கள் பேரில் இருக்கட்டும், ஃபோட்டோ எடுத்து ஊரில் ஒருத்தருக்கு அனுப்பிவையுங்கள். தங்கும் அனுமதி கல்யாணத்தை வைத்துக் கொடுத்ததாக இருந்தால், வழக்குப் போடும் முன்பே வேறு வழி பாருங்கள். பாஸ்போர்ட் எப்போதும் உங்கள் பையில்.

தீர்ப்பு கையில் வந்ததற்கு அடுத்த வாரம் மிஸ் செய்தித்தாளைக் காட்டினாள். ஹுதா ஷஅராவி எகிப்தியப் பெண்ணியச் சங்கத்தைத் தொடங்கி அந்த மார்ச்சோடு நூறு வருடம். அந்தச் சங்கம் கேட்டதில் பெண்ணின் கல்யாண வயதுக்கு வரம்பு அந்த வருடமே, 1923-இலேயே, 16 என்று வந்துவிட்டது. ஓட்டுரிமைக்கு 1956 வரை ஆனது, அதற்கும் துரியா ஷஃபீக் 1951-இல் ஆயிரத்து ஐந்நூறு பெண்களோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து, 1954-இல் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது. பலதாரத்துக்கும் ஆண் நினைத்தபோது சொல்லும் தலாக்குக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்று கேட்டார்களே, அது எங்கே என்றேன். "உன் கையில் இருக்கிறதே தீர்ப்பு, அதுதான் இதுவரை கிடைத்தது" என்றாள்.

ஊருக்குத் திரும்பும் நாளுக்கு முந்திய நாள், பழைய வீட்டுக் கட்டடத்து பவ்வாப் கூப்பிட்டனுப்பினார். "மதாம், ஸார் வீட்டைக் காலி செய்தார், எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினார்கள், இது என்ன சாமான் என்று யாருக்கும் தெரியவில்லை" என்று ஒரு சாக்குப் பையை நீட்டினார். திறந்து பார்த்தேன். என் இட்லிப் பானை. உள்ளே மூன்று தட்டில் ஒன்றைக் காணோம்.